தோள் முதல் விரல் வரை

கடலுக்கு இன்னும் யாரும் பெயர் வைக்காத காலம் அது. சூரியன் தினமும் கடலில் குளித்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறான் என்று பெரியவர்களே நம்பிக்கொண்டிருந்த காலம். அப்போது நடந்த கதை இது. நிஜமாக நடந்ததா என்று கேட்காதீர்கள். கேட்டால் நான் யோசிக்க வேண்டியிருக்கும், கதை நின்றுவிடும்.

அரிவாள் மாதிரி வளைந்த ஒரு கடற்கரை. அதன் பிடியில் தாழந்துறை என்று ஓர் ஊர். நடு வளைவில் புன்னைத்துறை. நுனியில் ஆலந்துறை. மூன்று ஊர், மூன்று கோயில், மூன்று தலைவர்கள். கடல் மட்டும் ஒன்றுதான். காலையில் தாழந்துறைக்கு எதிரே மேய்கிற மீன் மத்தியானம் ஆலந்துறைக்கு எதிரே மேயும். தான் எந்த ஊர் மீன் என்று அதற்குத் தெரியாது. ஊர்க்காரர்களுக்குத் தெரியும். எல்லா மீனும் அவரவர் ஊர் மீன்தான்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணம் என்றால் மாப்பிள்ளை தன் கையால் ஒரு கொடுவா மீனைப் பிடித்து வர வேண்டும். அதற்குக் கைமீன் என்று பெயர். பெண் தன் வலது கையை நீட்டுவாள். கைமீனை அவள் கையோடு சேர்த்து வைத்துப் பார்ப்பார்கள். தலை தோளைத் தொட வேண்டும், வால் விரல் நுனியைத் தொட வேண்டும். தொட்டால் தாலி. தொடாவிட்டால் மாப்பிள்ளை திரும்பக் கடலுக்குப் போக வேண்டியதுதான்.

அந்த மீனைக் கொண்டு வருவதற்கென்றே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மரவை இருந்தது. மரவை என்றால் ஒரே மரத்தைக் குடைந்து செய்த நீளமான பாத்திரம். உள்ளே மீனின் வடிவத்திலேயே குழி. தலைப்பக்கம் அகலமாக இருக்கும், போகப் போகக் குறுகும், கடைசியில் வால் மாதிரி விரியும். தலைப்பக்கத்தில் கண்ணும் செவுளும்கூடச் செதுக்கியிருப்பார்கள். தாய் மகளுக்குக் கொடுப்பாள், மகள் தன் மகளுக்குக் கொடுப்பாள். இந்த மரவையை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் மறந்துவிடுவார்கள்.

வலை பின்னுவது பெண்களின் வேலை. வலைக்கண்ணுக்கு விரல்தான் அளவு. நாலு விரலைச் சேர்த்து நீட்டி, அதைச் சுற்றி நூலைப் போட்டு முடிச்சு இறுக்குவார்கள். நாலு விரல் கண்ணில் பெரிய மீன் மாட்டும், சின்ன மீன் வந்த வழியே போய்விடும். அதை யாரும் தருமம் என்று நினைத்துச் செய்யவில்லை. சின்ன மீனை உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருக்க யாருக்குப் பொறுமை இருந்தது?

இப்படி இருக்கையில் ஒரு கப்பல் வந்தது.

கப்பல்காரன் நல்லவன்தான். சிரித்த முகம், இனிமையான பேச்சு. "எங்க நாட்டுல மலை இருக்கு, வயல் இருக்கு. கடல் இல்ல. எவ்வளவு கருவாடு குடுத்தாலும் வாங்கிக்கிறேன்" என்றான். அதற்குப் பதிலாக அரிசி தந்தான், துணி தந்தான், தேய்த்தால் முகம் தெரிகிற செம்புப் பானைகள் தந்தான். முதலில் பானை வாங்கியவர்கள் ஆலந்துறைக்காரர்கள். மறுநாள் புன்னைத்துறைப் பெண்கள் தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில் ஆலந்துறை வழியாகச் சுற்றிப் போய் அந்தப் பானைகளைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அன்றைக்கே பிடித்தது வினை.

ஆலந்துறைத் தலைவர் சொன்னார்: "கண்ணக் கொஞ்சம் சின்னதாக்குங்க. மூணு விரல் போதும். நாம விட்டா தாழந்துறையான் புடிச்சிருவான்."

தாழந்துறைத் தலைவர் சொன்னார்: "மூணு விரல் போதும். நாம விட்டா புன்னைத்துறையான் புடிச்சிருவான்."

புன்னைத்துறைத் தலைவர் என்ன சொன்னார் என்று நான் சொல்ல வேண்டுமா?

மூன்று ஊர் வலையிலும் மூன்று விரல் கண் வந்தது. கரையெங்கும் கருவாடு காய்ந்தது. அந்த நாற்றத்தில் காகங்கள் மட்டும் சந்தோஷமாக இருந்தன. வீட்டுக்கு வீடு செம்புப் பானை வந்தது.

காலம் போயிற்று. கப்பல்காரன் கிழவனாகி, அவன் மகன் அதைவிடப் பெரிய கப்பலில் வந்தான். அந்தச் சமயத்தில் ஒரு கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை கொண்டுவந்த கைமீன் தோளைத் தொடவில்லை. விரல் நுனியிலிருந்து பார்த்தால் முழங்கையோடு நின்றுவிட்டது. பெண்ணின் தாய் முகத்தைச் சுளித்தாள். பந்தலில் சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஊர்த்தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். "கையின்னா என்ன? வேலை செய்யுறது முழங்கைக்குக் கீழதானே? அது வரைக்கும் அளந்தாப் போதாதா?" என்றார்.

பசித்திருந்தவர்களுக்கு அது நியாயமாகப் பட்டது. தாலி கட்டினார்கள், சாப்பிட்டார்கள். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குக் கைமீன் என்றாலே முழங்கை மீன்தான். எப்போதும் அப்படித்தான் என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்த எப்போதும் அவ்வளவுதான்.

ஊர்கள் மறுபடி பேசின. நாம விட்டா அவன் புடிச்சிருவான் என்றன. இரண்டு விரல் கண் வந்தது. அடுத்த தலைமுறையில் கைமீன் மணிக்கட்டோடு நின்றது. அப்போதும் ஒரு தலைவர் எழுந்தார். "மாப்பிள்ளை பொண்ணு கையப் புடிக்கிறான்னா எதப் புடிக்கிறான்? உள்ளங்கையத்தானே? அத அளங்க" என்றார். அளந்தார்கள். எப்போதும் அப்படித்தான் என்றார்கள்.

இதற்குள் மரவைக்கு வேலை இல்லாமல் போயிற்று. உள்ளங்கை நீள மீனை அவ்வளவு பெரிய மரவையில் வைத்தால் சிரிப்பார்கள் என்று வாழை இலையில் வைத்துக் கொண்டுவந்தார்கள். ஒரு நாள் எவளோ ஒருத்தி, அழுகிற குழந்தையைப் போட இடம் தேடி, மரவையில் துணியை விரித்துப் படுக்கவைத்தாள். குழந்தை கிடைத்த இடத்தில் சுகமாகத் தூங்கியது. அடுத்த வீட்டுக்காரி பார்த்தாள். அவளும் அப்படியே செய்தாள். கொஞ்ச காலத்தில் அந்தக் கரையில் மரவை என்றாலே பிள்ளைத் தொட்டில் என்று ஆகிவிட்டது. குழந்தையின் ஈரத்தைத் தினமும் துடைக்கிறவர்கள்கூட அடியில் செதுக்கியிருந்த கண்ணைப் பார்த்து, யாரோ திருஷ்டிக்குப் போட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

இப்போது கதைக்கு உரியவள் வருகிறாள்.

புன்னைத்துறையில் நீலி என்று ஒருத்தி. அவள் மகள் கொற்றி. மூன்று ஊரிலும் கொற்றியைப் போல வேகமாக வலை பின்ன ஆள் கிடையாது. அவள் காலத்தில் கண் ஒரு விரலுக்கு வந்திருந்தது. அதுவும் சுண்டுவிரல். தன் சுண்டுவிரலில் நூலைச் சுற்றிச் சுற்றி அவள் பின்னிய வலையில் தண்ணீரே யோசித்துத்தான் வெளியே போகும். அவளுக்கும் தாழந்துறைச் சேந்தனுக்கும் கல்யாணம் பேசியிருந்தார்கள். சேந்தன் அதிகம் பேசாதவன். இருவருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்குப் பிரியம் இருந்தது. அதை இழுத்துச் சொன்னால் உங்களுக்குக் கூச்சமாக இருக்கும், விட்டுவிடுகிறேன்.

சேந்தன் கைமீனுக்குக் கடலுக்குப் போனான். உள்ளங்கை அளவுக்கு ஒரு கொடுவா வேண்டும், அவ்வளவுதான். கரையோரம் வலை போட்டான், நெத்திலி வந்தது. இன்னும் உள்ளே போய்ப் போட்டான், காரப்பொடி மீன் வந்தது. கரை கண்ணுக்குத் தெரியாத தூரம் போய்ப் போட்டான். ஒரே ஒரு கொடுவாக் குஞ்சு வந்தது. கொற்றி தன் உள்ளங்கையில் அதை வைத்துப் பார்த்தாள். அவள் விரல் நுனிக்கு முன்னாலேயே மீன் முடிந்துவிட்டது.

கல்யாணம் நின்றது. சொந்தமெல்லாம் வந்து உட்கார்ந்திருந்தது. மூன்று ஊர்த் தலைவர்களும் பந்தலில் கூடினார்கள். அப்போது மூன்றாவது தலைமுறைக் கப்பல்காரனும் துறையில் நின்றான். விருந்தாளி என்று அவனையும் அழைத்திருந்தார்கள்.

தாழந்துறைத் தலைவர் மாப்பிள்ளை ஊர்க்காரர். அவருக்கு அவசரம். "நாலு நெத்திலிய ஒண்ணு பின்னால ஒண்ணா வச்சா ஒரு கைமீன் ஆகாதா?" என்றார். வைத்துப் பார்த்தார்கள். நடுவில் ஒரு பூனை வந்து கைமீனின் வால் பகுதியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

புன்னைத்துறைத் தலைவர் கப்பல்காரனைப் பார்த்தார். "அய்யா, நீங்க போற கரையில எங்கயாச்சும் பெரிய மீன் இருந்தா ஒண்ணு தருவிச்சுக் குடுங்களேன்."

கப்பல்காரன் சிரிக்கவில்லை. "நான் போற கரையிலெல்லாம் இதத்தான் கேக்குறாங்க. நான் மீன் வாங்க வந்தவன். எங்கிட்டயே மீன் கேட்டா நான் எங்க போவேன்?" என்றான்.

 கடைசியில் ஆலந்துறைத் தலைவர் தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார். புத்திசாலி என்று பெயரெடுத்தவர். "அளக்குறதுக்குப் பொண்ணோட கைதான் வேணும்னு யார் சொன்னது? பொண்ணு வீட்டுக் கை போதும். இந்த வீட்டுல கைக்குழந்தை இருக்குல்ல? அத எடுத்துட்டு வாங்க."

கொற்றியின் அண்ணனுக்குக் குழந்தை இருந்தது. தொட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்து நடுப் பந்தலில் வைத்தார்கள். குழந்தையின் குட்டிக் கையை நீட்டிப் பிடித்து, பக்கத்தில் அந்தக் கொடுவாக் குஞ்சை வைத்தார்கள். தலை தோளைத் தொட்டது. வால் விரலைத் தொட்டது. பந்தலே பெருமூச்சு விட்டது. மேளக்காரன் குச்சியைக் கையில் எடுத்தான். சிலர் சாப்பாட்டுக்கு இடம் பிடிக்க எழுந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துக் குழந்தை தொட்டிலை நனைத்தது. அண்ணி குழந்தையைத் தூக்கினாள், ஈரத் துணியையும் உருவினாள். துணியோடு உருண்ட மீன் தொட்டிலுக்குள் வழுக்கிப் போய்த் தலைப்பக்கத்தில் விழுந்தது. துடைப்பதற்குக் கொற்றி குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள்.

மரத்தில் செதுக்கியிருந்த மீன்தலைக்குள்ளேயே அந்த முழு மீனும் அடங்கிக் கிடந்தது.

கொற்றி ஈரத்தைத் துடைத்தாள். செவுளைப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள். விரலால் குழியைத் தடவிக்கொண்டே கடைசி வரை போனாள். பிறகு நிமிர்ந்து தாயைக் கேட்டாள்:

"ஆத்தா, தொட்டிலுக்கு எதுக்கு வாலு?"

 "எங்கம்மா குடுத்தப்பவே இப்படித்தான் இருந்துச்சு. இப்ப எதுக்குடி இந்தக் கேள்வி?" என்றாள் நீலி.

கொற்றி மரவைக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்து தன் வலது கையை அதற்குள் வைத்தாள். தோள் தலைப்பக்கம் பொருந்தியது. விரல் நுனி வாலின் பிளவில் போய் நின்றது. ஒரு நெல்லளவுகூடக் கூடவில்லை, குறையவில்லை. பந்தலில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எல்லோர் வீட்டிலும் அந்தத் தொட்டில் இருந்தது. எல்லோரும் அதில் படுத்து வளர்ந்தவர்கள். சிலர் தங்கள் வலது கையைத் தாங்களே தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

"இது புள்ளையப் போடச் செஞ்சது இல்ல" என்றாள் கொற்றி. "கைமீனப் போடச் செஞ்சது. இவ்வளவு பெரிய மீனு இதே கடல்லதான் இருந்திருக்கு. இது நிறையுற மீனு வந்தாத்தான் எனக்குத் தாலி."

புன்னைத்துறைத் தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப நீ கன்னியாவே கெழவி ஆயிருவ, தெரிஞ்சுக்க. அந்த மீனுதான் இல்லையே. எங்க போச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும் மாமா" என்று கொற்றி தன் சுண்டுவிரலை நீட்டிக் காட்டினாள். "எங்கயும் போகல. குஞ்சா இருக்கும்போதே இதுல மாட்டிக்கிச்சு. வளர விட்டாத்தானே பெருசாகும்?"

பிறகு சேந்தன் பக்கம் திரும்பினாள். அவள் குரல் கொஞ்சம் தணிந்தது. "மச்சான், இது நாளாகும். வேற எடம் பாக்குறதா இருந்தா பாத்துக்கங்க. நான் குத்தம் சொல்ல மாட்டேன்."

சேந்தன் அந்தக் குஞ்சு மீனையும் மரவையையும் மாறி மாறிப் பார்த்தான். "வளரட்டும்" என்றான். அவ்வளவுதான் பேசினான்.

அன்றைக்குக் கல்யாணம் நடக்கவில்லை. சாப்பாடு மட்டும் நடந்தது. சாப்பிட்ட பிறகு மூன்று தலைவர்களும் மறுபடி கூடினார்கள். வலைக்கண்ணைப் பழையபடி நாலு விரலாக்க வேண்டும் என்பதில் மூவருக்கும் சந்தேகமில்லை. யார் முதலில் ஆக்குவது என்பதில்தான் சந்தேகம்.

"நாங்க பெருசாக்கிட்டு, நீங்க ஆக்கலைன்னா?" என்றார் ஒருவர்.

"நாங்க விட்ட மீன நீங்க புடிச்சா?" என்றார் இன்னொருவர்.

மூன்றாமவர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்ததால் தலையை மட்டும் ஆட்டினார்.

கொற்றி தூணோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தன் வலையின் கண்ணைச் சின்னதாக்க எல்லோருக்கும் ஆசை இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அடுத்தவன் வலையின் கண்ணைப் பெரிதாக்கவும் எல்லோருக்கும் அதே அளவு ஆசை இருப்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள். "இனிமே எந்த ஊரும் தன் வலையத் தான் பின்ன வேணாம். புன்னைத்துறை வலையத் தாழந்துறைப் பொண்ணுங்க பின்னட்டும். தாழந்துறை வலைய ஆலந்துறையில பின்னட்டும். ஆலந்துறை வலைய நாங்க பின்னுறோம்."

மூன்று தலைவர்களும் உடனே ஒப்புக்கொண்டார்கள். அவ்வளவு சீக்கிரம் அவர்கள் எதற்கும் ஒப்புக்கொண்டதில்லை.

அதற்குப் பிறகு நடந்தது வேடிக்கை. நாலு விரல் என்று பேச்சு. யார் விரல் என்று பேசவில்லை. தாழந்துறைக்காரர்கள் ஊரிலேயே தடித்த விரல்காரியைத் தேடிப் பிடித்து, புன்னைத்துறை வலைக்கு அவள் விரலையே அளவாக வைத்தார்கள். புன்னைத்துறைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவர்கள் ஒரு மாவாட்டும் பெண்ணைக் கண்டுபிடித்தார்கள். ஆலந்துறையில் அப்படிப்பட்டவள் கிடைக்காமல், உரலை ஒற்றைக் கையால் தூக்கும் ஒரு கிழவரின் விரலை வைத்துப் பின்னினார்கள். கடைசியில் மூன்று ஊர் வலையும், பேசியதைவிடப் பெரிய கண்ணோடு கடலுக்குப் போயின. பொறாமையால் ஒரு நல்ல காரியம் நடந்ததை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

முதல் வருஷம் வலை கிட்டத்தட்ட வெறுமையாக வந்தது. பெரிய மீன் கடலில் இல்லை. சின்ன மீன் வலையில் நிற்கவில்லை. மட்டிச் சிப்பி பொறுக்கினார்கள், பனங்கிழங்கு தின்றார்கள், கஞ்சியில் உப்பை மட்டும் போட்டுக் குடித்தார்கள். கப்பல்காரன் வந்தான், கொஞ்சம் காத்திருந்தான், கருவாடு இல்லை என்று தெரிந்ததும் பாய் விரித்துப் போய்விட்டான். அவனுக்கு வேறு கரைகள் இருந்தன. அப்போதைக்கு இருந்தன.

ஊர் கொற்றியைத் திட்டியது. தண்ணீர்த் துறையில் அவள் வந்தால் பேச்சு நின்றுவிடும். அவளுக்குப் பின்னால் பிறந்தவர்களுக்கெல்லாம் கல்யாணம் நடந்தது. கொடுவாக் குஞ்சைத் தூண்டிலில் பிடித்தார்கள், அளப்பதற்குக் கைக்குழந்தைகள் ஊரில் நிறைய இருந்தன. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் கொற்றி போனாள், பரிமாறினாள், வீட்டுக்கு வந்து வலை பின்னினாள். அவளுக்கு வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன். நிறைய இருந்தது. நீலி ஒவ்வொரு பண்டிகைக்கும் அழுதாள். சேந்தன் பண்டிகைக்குப் பண்டிகை தாழந்துறையிலிருந்து கரையோரமாக நடந்து வருவான். வாசலில் நின்று, "வளருது" என்று சொல்லிவிட்டுப் போவான்.

இடையில் ஆலந்துறைத் தலைவர் தன் புத்திசாலித்தனத்தைக் காட்டினார். பெண்டாட்டியைக் கொண்டு ரகசியமாக ஒரு சின்னக்கண் வலை பின்னவைத்து, பெரிய வலைக்கு அடியில் சுருட்டி வைத்துக்கொண்டு போனார். ஆனால் ஒவ்வொரு ஊர்ப் பெண்ணுக்கும் ஒரு முடிச்சு உண்டு. புன்னைத்துறைப் பெண்கள் நூலை இடமாகச் சுற்றி இறுக்குவார்கள், ஆலந்துறையில் வலமாகச் சுற்றுவார்கள். ஆலந்துறைத் தோணியில் ஆலந்துறை முடிச்சு இருந்தால் அது திருட்டு வலை. துறையில் நின்ற பெண்கள் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார்கள். வலையை வெட்டி ஆடு கட்டும் கயிறாகத் திரித்துத் தலைவரிடமே கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஆலந்துறையில் யார் ஆடு கத்தினாலும் மற்ற இரண்டு ஊரும் சிரிக்கும்.

வருஷங்கள் போயின. கொடுவா உள்ளங்கை அளவுக்கு வந்தது. நீலி மகளைப் பார்த்தாள். "எனக்கு இந்த அளவுலதான் தாலி கட்டுனாங்க. போதும்டி" என்றாள். கொற்றி மீனை மரவையில் வைத்துக் காட்டினாள். மீன் ஒரு மூலையில் கிடந்தது.

கொடுவா முழங்கை அளவுக்கு வந்தது. ஊரே கூடி வந்து சொன்னது. "இவ்வளவு பெரிய மீன எங்க ஆயுசுல பாத்ததில்ல. போதும்மா." கொற்றி அதையும் மரவையில் வைத்துக் காட்டினாள். மீன் பாதியில் நின்றது. அன்றைக்குச் சேந்தன்கூட அவள் முகத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தான். பிறகு மீனை எடுத்துக்கொண்டு போய்த் தன் தாய்க்குக் குழம்புக்குக் கொடுத்தான்.

மூன்று தலைவர்களில் இருவர் போய்ச் சேர்ந்தார்கள். சேந்தனுக்குக் காதோரம் வெளுத்தது. கொற்றியின் வகிட்டிலும் ஒன்றிரண்டு வெள்ளி இழைகள் வந்தன. கடலில் இப்போது மீன்பாடு நன்றாக இருந்தது. ஒரு வீடும் பட்டினி இல்லை. ஊர் அவளைத் திட்டுவதை எப்போது நிறுத்தியது என்று யாருக்கும் ஞாபகமில்லை.

ஒரு நாள் காலை, சேந்தனின் தோணி புன்னைத்துறைக்கு மிக மெதுவாக வந்தது. தோணிக்குள் முழங்கால் அளவு தண்ணீர். ஓட்டை விழுந்துவிட்டது என்று நினைத்துச் சிலர் உதவிக்கு ஓடினார்கள். அவன்தான் கடல் தண்ணீரை மொண்டு ஊற்றியிருந்தான். தண்ணீருக்குள் ஒரு கொடுவா, உயிரோடு, வாலை அடித்துக்கொண்டிருந்தது.

மரவையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதிலும் தண்ணீர் நிரப்பி மீனை விட்டார்கள். தலை தலைக்குழியில் இருந்தது. வால் வால்குழியில் இருந்தது. மீனின் கண்ணும் மரத்தின் கண்ணும் ஒரே இடத்தில் இருந்தன. கொற்றி கையை நீட்டித் தண்ணீருக்குள் வைத்தாள். தோள் முதல் விரல் வரை மீன்.  நீலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மேளக்காரன் ஓடிப் போய் மேளத்தை எடுத்துவந்தான். அந்த இடத்திலேயே, மணலில், சேந்தன் தாலியைக் கட்டினான். நீலி மஞ்சளும் அரிவாள்மணையும் கொண்டுவந்து வைத்தாள். பெரிய கைமீன் குழம்பு எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் அந்தக் கரையில் ஒருவரும் உயிரோடு இல்லை. எல்லோரும் அதைத் தெரிந்துகொள்ளத் தயாராக இருந்தார்கள். சிலர் வீட்டிலிருந்து பாத்திரம்கூட எடுத்து வந்திருந்தார்கள்.

கொற்றி மீனின் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தாள். வயிறு கனத்துப் புடைத்திருந்தது. சினை.

"ஆத்தா, மணைய எடுத்து வச்சிரு" என்றாள்.

"ஏண்டி?"

"புள்ளத்தாச்சி."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. புதிதாகத் தலைவரானவர், "ஒரு மீனுதானேம்மா? இவ்வளவு காலம் காத்திருந்தோம்" என்றார்.

"இவளும்தான் காத்திருந்தா மாமா, இவ்வளவு பெருசாக" என்றாள் கொற்றி. "கைமீனு அளக்கத்தானே? அளந்தாச்சு. தாலியும் ஏறியாச்சு. குழம்புக்குத் திருக்கை இருக்கு."

சிலர் முனகினார்கள். பாத்திரம் கொண்டுவந்தவர்கள் அதைப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள்.  சேந்தன் மரவையின் ஒரு முனையைத் தூக்கினான். மறு முனையைக் கொற்றி தூக்கினாள். கட்டியிருந்த துணி நனைய இருவரும் இடுப்பளவுத் தண்ணீர் வரைக்கும் நடந்து போய் மரவையைச் சாய்த்தார்கள். மீன் ஒரு தரம் வாலை அடித்தது. கொற்றியின் முகத்தில் தண்ணீர் தெறித்தது. அதன் பிறகு கடலில் அலை மட்டும் இருந்தது.

திருக்கைக் குழம்பு நன்றாகவே இருந்தது என்று பின்னால் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

அன்று முதல் அந்தக் கரையில் கைமீனை உயிரோடு கொண்டுவந்து, அளந்துவிட்டுத் திரும்பக் கடலில் விடுவது வழக்கமாயிற்று. மற்ற நாட்களில் வயிறாரப் பிடித்தார்கள், தின்றார்கள், கருவாடும் போட்டார்கள். வலையை மட்டும் அடுத்த ஊர் பின்னியது. கப்பல்காரனின் மகன் ஒரு நாள் தேடிக்கொண்டு வந்தபோது, "மத்தக் கரையெல்லாம் வெறும் மணலாக் கெடக்கு. உங்க கரையில மட்டும் எப்படி?" என்று கேட்டானாம். அவனுக்கு ஒரு மரவையைக் காட்டினார்களாம். அவன் அதை விலைக்குக் கேட்டிருக்கிறான். அவனுக்கு வேறென்ன தெரியும்?

கொற்றிக்கு ஒரு மகள் பிறந்தாள். மரவை மறுபடி தொட்டிலாயிற்று. அந்தப் பெண்ணுக்குப் பேச்சு வந்ததும், தொட்டிலுக்கு எதற்கு வால் என்று கேட்டாள். கொற்றி அவளைக் கையை நீட்டச் சொன்னாள்.

ஆகையால் கேட்டவர்களே, மீன் குறையக் குறைய அளவையும் குறைத்துக்கொண்டே போகிறவர்கள், கடைசியில் வெறுங்கையைத்தான் அளந்துகொண்டிருப்பார்கள்.